கெட்ட செய்தி உங்களிடம் முதலில் வரட்டும்!

தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் நண்பரே! உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பிரிவில் ஒரு வேலை கெட்டுப்போனால், அந்தச் செய்தி உங்களுக்கு முதலில் வருகிறதா, ஊருக்கெல்லாம் தெரிந்தபின் கடைசியில் வருகிறதா? கடைசியில்தான் என்றால், உங்களுக்குப் பதவி கிடைத்திருக்கிறது. தலைமை இன்னும் கிடைக்கவில்லை!

2006-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்த ஓராண்டு நஷ்டம் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல். போயிங் நிறுவனத்திலிருந்து வந்து பொறுப்பேற்றார் ஆலன் முலாலி. வியாழன்தோறும் துறைத் தலைவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தார். வேலை சீராக நடந்தால் பச்சை, சிக்கல் தெரிந்தால் மஞ்சள், முடங்கிவிட்டால் சிவப்பு என்று அறிக்கையில் நிறம் காட்டச் சொன்னார்.

எல்லாமே பச்சை! கோடி கோடியாக நஷ்டப்படும் நிறுவனத்தில் ஒரு சிக்கல்கூடவா இல்லை என்று கேட்டார் முலாலி. யாரும் வாய் திறக்கவில்லை. குறையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் அங்கே ஊறிப்போயிருந்தது.

மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி துணிந்தார். கனடா ஆலையில் தயாரான ‘எட்ஜ்’ என்ற புதுக் காரில் ஒரு கோளாறு. வெளியீட்டையே நிறுத்திவைத்திருந்த அவர், அறிக்கையில் சிவப்பைக் காட்டினார். அறையில் மயான அமைதி. இவர் கதை முடிந்தது என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார்! வெளிப்படையாகச் சொன்னதற்குப் பாராட்டிவிட்டு, இவருக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அங்கேயே உதவிக்கு ஆள் கிடைத்தது. சில வாரங்களில் அறிக்கைகளில் மஞ்சளும் சிவப்பும் நிறைந்தன. அப்போதுதான் உண்மையான வேலை தொடங்கியது.

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி நீதிமன்றப் படி ஏறின. ஃபோர்டு ஏறவில்லை. முன்கூட்டியே திரட்டிய பெருங்கடன் அதற்குக் கைகொடுத்தது. உண்மை பேசத் துணிந்த அந்த மேசையும் கைகொடுத்தது. 2014-இல் முலாலி ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? சிவப்பைக் காட்டிய அதே மார்க் ஃபீல்ட்ஸ்!

கெட்ட செய்தியைச் சீறாமல் கேட்கும் இந்தப் பக்குவம்தான், உணர்வு நுண்ணறிவு என்று இன்று மேலாண்மைப் பயிற்சிகளில் சொல்லித் தருவதன் உயிர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதை உலகெங்கும் பரப்பியது. காதுக்குக் கசக்கும் பேச்சையும் பொறுத்துக்கொள்ளும் அரசனின் நிழலில்தான் உலகம் தங்கும் என்று வள்ளுவர் ‘இறைமாட்சி’ அதிகாரத்தில் எப்போதோ சொல்லிவிட்டார்.

நாளையே உங்களுக்கு இந்தச் சோதனை வரும். “சார், ஒரு சின்னப் பிரச்சினை” என்று ஓர் இளைஞன் கதவருகில் தயங்கி நிற்பான். கையில் இருக்கும் தாளைவிட உங்கள் புருவத்தைத்தான் அவன் கூர்ந்து பார்ப்பான். “இதை ஏன் முன்னாடியே சொல்லலை?” என்று சீறினால், அடுத்த முறை மறைப்பான். வெளியே கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களும் மறைப்பார்கள். “உட்காருங்க தம்பி, முழுசாச் சொல்லுங்க” என்று சொல்லிப் பாருங்கள். அவன் பயம் தெளியும். பாதித் தீர்வு அவன் வாயிலிருந்தே வரும்!

கோபம் வருகிறதா? வரட்டும், நீங்களும் மனிதர்தான். முதல் வார்த்தையை மட்டும் அதன் கையில் கொடுத்துவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை கைப்பேசியைத் தொடாதீர்கள். தவறைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். பாராட்டைச் சபையில் சொல்லுங்கள்.

இது இளகிய மனம் என்று யாராவது சிரித்தால் நம்பாதீர்கள். முலாலியின் மேசையில் வாராவாரம் கணக்குக் கேட்கப்பட்டது. யாருக்கும் சலுகை இல்லை. கத்துவதற்குத் துணிச்சல் தேவையில்லை. கசப்பைக் கேட்டு நிதானமாக நிற்கத்தான் நெஞ்சுரம் வேண்டும். அது பிறவியில் வருவதல்ல, பழகினால் வருவது. உங்களாலும் முடியும்!

இன்றே உங்கள் குழுவைக் கூப்பிடுங்கள். “எங்கே சிக்கியிருக்கிறோம்? பயப்படாமல் சொல்லுங்கள், சேர்ந்து சரிசெய்வோம்” என்று கேளுங்கள். முதலில் வாய் திறப்பவரை எல்லார் முன்னாலும் பாராட்டுங்கள். அந்த நிமிடமே நீங்கள் தலைவர்!