பாயிரத்தை யார் எழுதுவது?

சிங்கப்பூரில் தமிழில் எழுதும் ஒருவர், கட்டுரையை முடித்த கையோடு அதன் இணைப்பை ஃபேஸ்புக்கில் இடுகிறார். நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புகிறார். நல்ல வரியாகப் பார்த்து ஒன்றை எடுத்துப் படத்தின்மேல் பொறித்து இன்ஸ்டகிராமில் போடுகிறார். இதைப் பார்த்து மூத்தவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எழுத்து தவம், தன் சரக்கைத் தானே கூவுவது அதற்கு இழுக்கு என்பது அவர்கள் எண்ணம். கூவாவிட்டால் யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று இளையவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். இரு தரப்பும் இதைத் தலைமுறைப் பிணக்காக நினைத்துக் கொண்டிருப்பதால் வழக்கு தீராமல் நிற்கிறது. உள்ளே இருப்பது ஓர் அறக்கேள்வி: தன்னைப் பற்றித் தானே எதுவரை சொல்லலாம், எதைப் பிறர் வாய்க்கு விட்டுவிட வேண்டும்? ஃபேஸ்புக் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ் இலக்கணக்காரர்கள் இதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், எழுத்துக்கும் சொல்லுக்கும் போகுமுன் நூலின் முன்னுரையான பாயிரத்தைப் பேசுகிறது. நூலாசிரியர் பெயர், நூல் எந்த வழியில் வந்தது, நூலின் பெயர், அது எடுத்துக்கொண்ட பொருள், அதைக் கேட்கத் தக்கவர் யார், கேட்டால் என்ன பயன் என்பவையெல்லாம் பாயிரத்தில் இருந்தாக வேண்டும். நூல் எவ்வளவு விரிந்ததாயினும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே அல்ல என்று அடித்துச் சொல்கிறார். ஆக, படைப்பைப் பற்றிய அறிவிப்பு படைப்போடு ஒட்டிய கடமை. பிற்காலத்தில் வந்து சேர்ந்த வியாபாரம் அல்ல. ஆனால் அங்கேயே ஒரு கடிவாளமும் போடுகிறார். எத்தனை துறை கற்று எவ்வளவு பெரிய நூல் செய்தவராயினும் தன்னைத் தானே புகழ்வது தகாது. அந்த நூலுக்கே உரிய சிறப்புப் பாயிரத்தைத் தன் ஆசிரியரோ, தன்னோடு படித்தவரோ, தன் மாணவரோ, தகுதியான உரைகாரரோதான் செய்ய வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் பாடிய பனம்பாரனார் தொல்காப்பியரின் உடன்மாணாக்கர் என்பது மரபு. தேக்கா சந்தையில் கீரை விற்பவர் ‘இன்று காலை வந்தது’ என்றால் அது செய்தி. ‘இப்படி ஒரு கீரை இந்தத் தீவிலேயே கிடையாது’ என்றால் அது வேறு. முதலாவதை அவர்தான் சொல்ல முடியும், சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவதை வாங்கிச் சமைத்தவர் சொல்லட்டும். நன்னூல் வகுத்த எல்லைக்கோடு இதுதான், சமூக ஊடகத்துக்கும் இதுவே போதும் என்பது என் வாதம்.

இந்தக் கோட்டைத் தமிழரின் சமய மரபுகளும் வேறு வேறு சொற்களில் போட்டிருக்கின்றன. சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலுக்குச் சில அடி தள்ளித் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. இஸ்லாம் பிறர் காணச் செய்யும் நற்செயலை ‘ரியா’ என்று கண்டிக்கிறது. இமாம் கஸ்ஸாலி அதன் நுண்ணிய வடிவங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதே இஸ்லாத்தின் திருக்குர்ஆன் தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைவாகச் செய்வது அதனினும் நல்லது என்கிறது. வெளிப்படை குற்றமில்லை, வெளிப்படுத்துவதற்காகவே செய்வதுதான் குற்றம். ஓஃபிர் சாலையில் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து மாதா ஆலயத்தில் வாசிக்கப்படும் நற்செய்தியிலும் இந்த இழுபறி உண்டு. விளக்கை மரக்காலால் மூடாதே என்று சொன்ன அதே மலைப்பிரசங்கம், தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே என்றும் சொல்கிறது. விளக்கு, வெளிச்சத்தில் உள்ள பொருளைக் காட்டுகிறது. தாரை, ஊதுகிறவரைக் காட்டுகிறது.

தரமான எழுத்து தானே வாசகரைத் தேடிக்கொள்ளும் என்பது மூத்தவர்களின் வலுவான மறுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது, வரலாறு ஒத்துழைக்கவில்லை. சீவக சிந்தாமணியைவிடத் தரமான நூல் வேண்டுமா? அது ஏட்டுச்சுவடிகளில் செல்லரித்துக் கிடந்தது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக மனிதர்களைப் பார்த்தும் கடிதம் எழுதியும் முன்கூட்டியே கையொப்பம் திரட்டி, 1887இல் அதை அச்சில் கொண்டுவந்தார். பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1920இல் தன் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகளாக அச்சிடப் போவதாகவும், அவை மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல விற்கும் என்றும் சுற்றுக்கடிதம் எழுதிப் பணம் கேட்டார். இன்று யாராவது அப்படிப் பதிவு போட்டால் என்ன சொல்வோம்? அடுத்த ஆண்டு அவர் இறந்தார், திட்டம் நிறைவேறவில்லை. பாரதியையும் தற்பெருமைக்காரர் என்று தள்ளத் துணிந்தவர்கள் மட்டுமே இளையவர்களை அப்படித் தள்ளலாம்.

இன்னும் ஆழமான மறுப்பு கீதையிலிருந்து வருகிறது. செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்றால், எழுதியதோடு கடமை முடிந்ததே. வாசகரைத் தேடுவது பலனைத் தேடுவதில்லையா? இங்கே எது செயல், எது பலன் என்று பார்க்க வேண்டும். உழவருக்கு விளைச்சல் பலன்; விதையை மண்ணில் இடுவது செயல். எழுத்து வாசிக்கப்படுவதற்கென்றே செய்யப்படுவது. வாசகர் கையில் சேர்ப்பது செயலின் கடைசிப் பகுதி. பழைய புலவர்கள் நூலை அவையில் அரங்கேற்றியதும், அங்கே எழுந்த கேள்விகளுக்கு விடை சொன்னதும் அதனால்தான். பலன் என்பது அதற்குப் பிறகு வரும் புகழ், எண்ணிக்கை, மாலை. கட்டுரையின் இணைப்பை இட்டுவிட்டுப் போகிறவர் செயலை முடித்தவர். எத்தனை லைக் என்று அரைமணிக்கு ஒருமுறை திறந்து பார்ப்பவர் பலனுக்குள் குடியேறிவிட்டவர். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் செய்தது ஒரே பதிவுதான். அதனால் ஒருவர் எவ்வளவு பகிர்கிறார் என்பதை வைத்து அவர் அடக்கத்தை அளப்பது வீண்வேலை.

இதுவரை இளையவர் பக்கம் பேசியாயிற்று. இனி அவர்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டும். தன்னைப் புகழ்வதற்கு நன்னூல் நான்கு விலக்குகள் தருகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிரி தன்னைப் பழித்தபோது. இரண்டாவது விலக்குதான் சமூக ஊடகத்தின் பட்டயம் என்று தோன்றும்; முன்பின் தெரியாதவர்கள் நடுவில்தானே நிற்கிறோம்? ஆனால் சிங்கப்பூர்க் கணக்கைப் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3.3 ஆக இருந்தது. அவர்களிலும் தமிழ் இலக்கியம் வாசிப்பவர்களை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் ஒரு கூட்ட அறையில் அடக்கிவிடலாம் போலிருக்கும். ஏப்ரலில் தமிழ் மொழி விழா நடக்கும்போது ஒரே முகங்கள் ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்கு நகர்வது கண்கூடு. இந்தச் சிறுமையே வாசகரை அழைப்பதை நியாயமாக்குகிறது. சுருங்கும் மொழியில் வாயை மூடிக்கொண்டிருப்பது அடக்கம் ஆகாது. அதே சிறுமைதான் தற்புகழ்ச்சிக்கான சாக்கையும் பறித்துவிடுகிறது. இங்கே நம் ஆற்றலை அறியாதவர் யார்? எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அறிந்தவர்களிடமே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு நன்னூலில் விலக்கு இல்லை.

கடல்தாண்டித் தமிழகத்தில் கோடிக்கணக்கானோர் இருக்கிறார்களே, அவர்களுக்கு நாம் அந்நியர்தானே என்று கேட்கலாம். உண்மைதான், அங்கே விலக்கு செல்லும். அதற்கு ஒரு விலை உண்டு. தொலைவில் உள்ளவரின் கைதட்டலைக் குறிவைத்ததும் எழுத்து அவருக்குத் தெரிந்த சிங்கப்பூரைத் தேடிப் போகிறது. சிராங்கூன் சாலை தீபாவளி விளக்குகளாகவும் தைப்பூசக் காவடியாகவும் மட்டும் சுருங்குகிறது. வீட்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தனியே அமர்ந்திருக்கும் முதியவர் ஆகியோர் அதில் வருவதில்லை. அழைப்பு எழுத்தை மாற்றத் தொடங்கும் இடம் இது. தற்புகழ்ச்சியைவிட இதையே நான் பெரிய தீங்கு என்பேன்.

அடக்கம் என்பது மேடையும் பதிப்பகமும் உள்ளவர்களின் சொகுசு என்ற குற்றச்சாட்டு மட்டும் என்னைத் தயங்க வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடும் கட்டுமானத் தொழிலாளர்களில் கவிதை எழுதுகிறவர்கள் உண்டு. வங்காளத் தொழிலாளர்களுக்காக 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி பின்னர் தமிழுக்கும் விரிந்தது. இவர்களுக்கு ஆசிரியரும் உடன்மாணாக்கரும் உரைகாரரும் எங்கே? கைப்பேசி ஒன்றே அவர்களின் அவை. நன்னூலின் இரண்டாவது விலக்கு முழுமையாகப் பொருந்துவது இவர்களுக்குத்தான். அவர்கள் கொஞ்சம் உரக்கவே சொல்லிக்கொள்ளட்டும். நம்மில் பலர் அந்த நிலையில் இல்லாமலே அவர்களுக்கு உரிய விலக்கை எடுத்துக்கொள்கிறோம்.

உடன்படித்தவரும் மாணவரும் புகழ்ந்தால் அது மட்டும் நடுநிலையா என்று கேட்பவருக்கு, பவணந்தி நடுநிலையைக் கேட்கவில்லை என்பதே பதில். அவர் சொன்ன நால்வரில் யாரும் அந்நியர் அல்லர். எல்லாரும் அந்த நூலை அறியும் இடத்தில் இருப்பவர்கள். நம் காலத்தில் தவறிப்போனது இந்த நிபந்தனைதான். ‘அருமை’ என்று எழுதிப் பகிர்கிறவர் இணைப்பைத் திறந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. பொத்தானை அழுத்த வாசித்திருக்க வேண்டியதில்லை. இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு என்ற கொடுக்கல்வாங்கலில் புகழ் பிறர் வாயிலிருந்துதான் வருகிறது. வாசிப்பு மட்டும் நடக்கவில்லை. இப்படி வாங்கிய நூறு பாராட்டைவிட, ‘நான் எழுதியது, நேரமிருந்தால் படியுங்கள்’ என்று தானே இடும் ஒற்றைப் பதிவு நேர்மையானது. சாலச் சிறந்தது, படித்துவிட்டு இரண்டு பத்தி மறுத்து எழுதுகிற ஒருவர் கிடைப்பது. நம் இலக்கியக் கூட்டங்களில் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் ஃபேஸ்புக்கில் ஏறுவது என்னவோ பெரும்பாலும் குழுப்படம்தான்.