யாருக்காகக் காவல்?

காட்டு விலங்கையும் ஆற்று மீனையும் காப்பது அரசின் கடமை என்பதை இன்று மறுப்பாரில்லை. வலைக்கு இரக்கம் தெரியாது. வேட்டைத் துப்பாக்கிக்குப் போதும் என்னும் சொல் தெரியாது. ஆகவே சட்டம் வேண்டும். சட்டத்தைச் செலுத்தத் துறை வேண்டும். துறைக்குக் காவலர் வேண்டும். இதுவரை வழக்கே இல்லை. காக்கும் பொறுப்பை ஏற்றவன், 'போதும், நிறுத்து!' என்று முதலில் யாரைப் பார்த்துச் சொல்கிறான்? வழக்கு அங்கேதான் எழுகிறது.

அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் அந்த வழக்கு எழுந்தது. அங்குள்ள நிஸ்குவாலி, புயாலப் முதலான ஆறுகளில் பிறக்கும் சால்மன் மீன், குஞ்சாகக் கடலுக்குச் சென்று, சில ஆண்டுகள் வளர்ந்து, பிறந்த ஆற்றையே தேடி வந்து முட்டையிட்டு மடியும். ஆற்றங்கரைப் பழங்குடி மக்களுக்கு அதுவே உணவு, அதுவே வாணிகம், அதுவே விழா. 1854ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ், மெடிசின் கிரீக் என்னுமிடத்தில் அவர்களைக் கூட்டி ஓர் ஒப்பந்தம் செய்தார். 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கைமாறிற்று. ஒப்பந்தத்தை அம்மக்களுக்கு அவர்தம் தாய்மொழியிலா விளக்கினர்? இல்லை! சில நூறு சொற்களே கொண்ட சந்தைப் பேச்சில் விளக்கினர். மண்ணை எழுதி வாங்குவதற்கு அவ்வளவு மொழி போதுமென்று எண்ணினர் போலும்! ஆயினும் அம்மக்கள் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கமான இடங்களில், குடியேறியவர்களோடு பொதுவாக மீன் பிடிக்கும் உரிமையே அது.

'விட்டுக்கொடுக்கவில்லை' என்று நான் எழுதுவது எண்ணித்தான். அரசு அவர்களுக்கு இரங்கி அளித்த சலுகையன்று அது. தமக்கிருந்த அனைத்திலும் அவர்கள் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பகுதி. அந்நாட்டு உச்சநீதிமன்றமே 1905இல் இதைத் தெளிவாக்கிற்று. சலுகையை அளித்தவன் திரும்பப் பெறலாம். உரிமையை அவ்வாறு பெற முடியுமா?

முடியும் என்று நடந்துகொண்டனர் மாநில அதிகாரிகள். 1945இல் பில்லி ஃபிராங்க் என்னும் நிஸ்குவாலிச் சிறுவன் தன் ஆற்றில் மீன் பிடித்ததற்காகப் பிடிபட்டான். வயது 14! பின்னாளில் அவர் 50 முறைக்கு மேல் கைது செய்யப்பட்டார். 1960களில் தடையை மீறி வலை வீசுவதே அறப்போராயிற்று. 1970இல் புயாலப் ஆற்றங்கரை முகாமில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. இவ்வளவுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: மீனைக் காக்கிறோம்!

காரணத்தைச் சற்றே உரசிப் பார்ப்போம். கடலிலிருந்து திரும்பும் மீனை முதலில் பிடிப்பவை கடற்படகுகள். அடுத்து முகத்துவாரத்து வலைகள். எஞ்சியதே ஆறேறி வரும். பழங்குடியினரோ ஆற்றில் நிற்பவர்கள், பந்தியின் கடைசி இலை. முன்னிலைகளில் வட்டிக்க விட்டுவிட்டு, கடைசி இலைக்கு வந்ததும், 'சோறு குறைந்துவிட்டது. எழுந்திரு' என்பது எந்த ஊர்ப் பரிமாறல்? அன்றைய வேட்டைத்துறை, உரிமச்சீட்டுக் கட்டணத்தால் நடந்த துறை. தூண்டிலோடு பொழுதுபோக்க வருபவர் செலுத்தும் பணமே அதன் வரவு. அதிகாரிகள் யாவரும் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். மீனை எண்ணுவதிலும் குஞ்சு பொரித்து விடுவதிலும் உண்மையாக உழைத்தோர் அவர்களுள் உண்டு. ஆனால் யார் காசில் விளக்கெரிகிறதோ, அவர் முகமே அவ்வெளிச்சத்தில் தெரியும். ஸ்டீல்ஹெட் என்னும் மீனைப் புயாலப் ஆற்றில் வலையிட்டுப் பிடிக்கலாகாது, தூண்டிலுக்கு மட்டுமே அது என்று அத்துறை விதித்தது. அவ்விதி பழங்குடியினருக்கு எதிரான பாகுபாடு என்று 1973இல் உச்சநீதிமன்றம் சொல்லிற்று.

1974 பிப்ரவரி 12இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். 'பொதுவாக' என்றால் பங்கிட்டுக் கொள்வது. பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை பழங்குடியினருக்கு உரியது. அவர்தம் வலைகளே மீனை அழித்தன என்னும் பேச்சுக்குச் சான்று ஏறத்தாழ இல்லாதது கண்டு தாம் வியப்புற்றதையும் அவர் எழுதினார். 1979இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பின் பெரும்பகுதியை நிலைநிறுத்திற்று.

'பிடிக்கத்தக்க மீன்' என்ற தொடரை எளிதாகக் கடந்துவிடலாகாது. இனம் அற்றுப்போகாமல் முட்டையிடுவதற்கு எத்தனை மீன் மேலேற வேண்டுமோ, அத்தனையும் முதலில் ஒதுக்கப்பட வேண்டும். எஞ்சியதில்தான் இருவருக்கும் பங்கு. முதற்பங்கு மீனுக்கே! காவலும் நீதியும் பகைப்பொருள்கள் என்று அதுவரை பேசியவர்களுக்கு, இரண்டையும் ஒரே கணக்கில் எழுதலாம் என்று காட்டிற்று அத்தீர்ப்பு.

வெள்ளை மீனவர் கொதித்தனர். நீதிபதியின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டனர். அவர்களுள் படகுக் கடனில் மூழ்கிய ஏழைகளும் இருந்திருப்பர். அவர் துயரை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. ஆனால் அவரிடம் கேட்கப்பட்டது அவருடைய பாதியன்று. 120 ஆண்டுகள் பிறர் இலையிலிருந்து எடுத்த பாதி.

அன்றுமுதல் பழங்குடியினர் மேலாண்மையில் பங்காளிகளாயினர். பழைய மீன்வளத்துறையும் வேட்டைத்துறையின் வழிவந்த வனவிலங்குத்துறையும் 1994இல் ஒன்றாயின. இன்று ஆண்டுதோறும் அத்துறையினரும் பழங்குடிப் பேராளரும் ஒரே மேசையில் அமர்ந்து மீன்பிடிக் காலத்தை வகுக்கின்றனர். கைவிலங்கு பூட்டிய கையும் பூட்டப்பட்ட கையும் ஒரே கணக்கேட்டைப் புரட்டுவது சிறிய மாற்றமன்று.

ஆனால் ஆற்றில் மீன் எங்கே? 1999இல் அவ்வட்டாரத்துச் சினூக் சால்மன் அழியும் நிலையை நெருங்கும் இனமாகப் பட்டியலில் ஏறிற்று. பாதிப் பங்கு என்பது சரிதான். ஒன்றுமில்லாததில் பாதி எவ்வளவு? மாநில நெடுஞ்சாலைகளுக்கு அடியில் ஓடைநீர் செல்லப் பதித்த குழாய்கள் பல மீன் ஏற முடியாதவாறு அமைந்திருந்தன. அவற்றைத் திருத்துக என்று பழங்குடியினர் 2001இல் வழக்காடினர். மீன் பிடிக்கும் உரிமை என்பதில், பிடிக்க மீன் இருக்கும் உரிமையும் அடங்காதா என்பது அவர்கள் கேள்வி. ஓடைகள் அனைத்தையுமே மாநிலம் அடைத்துவிட்டாலும் ஒப்பந்தம் தடுக்காதா என்று மேல்முறையீட்டில் வினா எழுந்தது. தடுக்காது என்பதே மாநிலத்தின் வாதம்! மீனைக் காக்கிறோம் என்று வலையைப் பறித்த அதே மாநிலம்!

2018இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் 4க்கு 4 எனப் பிரிய, பழங்குடியினர் பக்கம் நின்ற கீழ்மன்றத் தீர்ப்பே நிலைத்தது. பில்லி ஃபிராங்க் அதைக் காணவில்லை, 2014இல் மறைந்தார். குழாய்களைப் பெயர்த்தெடுத்து, மீன் ஏறும் அகன்ற வழிகளை அமைக்கும் வேலை மாநிலத்தின் செலவில் நடந்து வருகிறது.