மூக்கிழந்த நந்திகள்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நந்திகளின் முகத்தைப் பாருங்கள். பலவற்றுக்குக் கண்ணும் மூக்கும் மழுங்கிப்போய், வெறும் கல் திரளைகளாகத் தெரிகின்றன. அலை அரித்துவிட்டது என்று போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவார்கள். சத்தம் போடுகிறவன்மேல்தானே முதலில் சந்தேகம் விழும்!

அப்படியே ஊருக்குள் நடந்து அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு வாருங்கள். அது 7ஆம் நூற்றாண்டின் வேலை என்பது பெரும்பாலோர் கணிப்பு. கடற்கரைக் கோயிலோ அதற்குப் பின், 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பியது. ஆனால் மூத்த சிற்பத்தில்தான் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் விலா எலும்புகூட இன்னும் தெளிவாக இருக்கிறது. கல் தேய்வதற்கு வயது மட்டுமே காரணம் என்றால் கணக்கு நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

குற்றவாளி உப்பு. அலையிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கொண்டுவந்து கல்லில் படியவைக்கிறது. கருங்கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் உண்டு. நீர் அவற்றுக்குள் இறங்குகிறது. வெயில் ஏறியதும் நீர் போய்விடுகிறது, உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாக வளர்கிறது. வளர இடம் போதாதபோது இடுக்கின் சுவர்களை நெட்டித் தள்ளுகிறது. இரவில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் போதும், அதே உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மறுநாள் வெயிலில் மீண்டும் படிகமாகும். இப்படியே கல்லின் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உவர் ஏறிய வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்வதும் இதே கதைதான். நனைவதைவிட, நனைந்து காய்வதுதான் கல்லுக்கு ஆபத்து.

உதிர்வது மெல்லிய தோல்தான். அதனால் சுவர் பலமிழப்பதில்லை. கோயில் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் சிற்பியின் உளி வேலை செய்ததெல்லாம் அந்தத் தோலில்தான். கண்ணிமையும் உதட்டு வளைவும் முதலில் போகின்றன.

அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்துக் குன்றில் நிற்கும் வெண்ணெய் உருண்டை என்னும் பாறையும் உருண்டு உருண்டு வழவழப்பானதல்ல. வெடிப்புகளில் இறங்கிய நீர், கட்டியாக இருந்த பாறையை எல்லாப் பக்கமிருந்தும் சிதைத்தது. தட்டையான முகத்தை ஒரு பக்கமாகத் தாக்கும் நீர், மூலையை மூன்று பக்கமாகத் தாக்கும். மூலைகள் முந்திக் கரைய, மிஞ்சியது உருண்டை. அங்கே தேய்மானம் ஓர் அழகைத் தந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்தாயிற்று, சவுக்கும் நட்டாயிற்று. உப்புக் காற்றை முழுதாக நிறுத்த முடியவில்லை. தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பிவைக்கிறார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு கரைந்து அதில் ஏறிக்கொள்ளும், பிறகு உரித்தெடுத்துவிடலாம். போன மூக்கு இதனால் திரும்பாது. கடல் பக்கத்திலேயே இருப்பதால், சில காலம் கழித்து மறுபடி அப்ப வேண்டும்.