வாக்குறுதியும் காவலும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் என் பேத்தி பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். சாரணியர் குழுவில் சேர விழையும் மாணவியரின் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய தாள் அது. பதின்மூன்றாம் வயதில் அடியெடுத்து வைத்திருந்த அவள் கண்களில் ஆவல் ததும்பிற்று. தாளைப் படித்து முடித்த அவள் தாயோ என் முகத்தைப் பார்த்தாள். "என்ன செய்யட்டும் அப்பா?" என்றாள். நாற்பதைக் கடந்தவள், அலுவலகத்தில் பலருக்குப் பொறுப்பாக இருப்பவள். தன் மகளைப் பற்றிய முடிவுக்கு என் அனுமதியை வேண்டி நின்றாள். அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை.

காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன், இதே புனே நகரில், இவளும் இத்தகைய தாளொன்றைக் கொண்டுவந்தாள். நான் மறுத்துவிட்டேன். ஊர் புதிது, மொழி புதிது, முகாம் என்று வெளியே தங்கினால் ஊரிலுள்ள உறவினர் என்ன சொல்வரோ என்னும் அச்சம் வேறு. "சரி அப்பா" என்று தாளை மடித்து எடுத்துச் சென்றாள். பிறகு அதைப்பற்றிப் பேசவேயில்லை. அந்தப் பணிவைக் கண்டு பெருமிதம் கொண்டேன். இன்றோ, அது பண்பா, பழக்கமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

சாரணியர் இயக்கம் தோன்றிய வரலாறே இதற்கொரு பாடம். 1909 இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்களின் பேரணி நடைபெற்றது. அங்கே அழைப்பின்றியே வந்து நின்ற சிறுமியர் சிலர், தங்களுக்கும் இடம் வேண்டும் என்றனர். மறு ஆண்டே பெண்களுக்கெனத் தனி இயக்கம் பிறந்தது. 1911 இல் அது நம் நாட்டில் ஜபல்பூரில் கால்கொண்டது. 1950 இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. மறு ஆண்டு சாரணியரும் அதனோடு இணைந்தனர். யாரும் பெண்களுக்கு வழங்கிய சலுகையன்று இது. அவர்களே கேட்டுப் பெற்றது.

அங்கே ஒரு பெண் என்ன கற்கிறாள்? கயிற்றில் முடிச்சிடவும், கூடாரம் அமைக்கவும், காயத்திற்குக் கட்டுப்போடவும், திறந்த வெளியில் அடுப்பு மூட்டிச் சமைக்கவும் கற்கிறாள். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிக்கு அவர்களுள் ஒருத்தியே தலைவி. ஆயினும் இவை அனைத்தினும் பெரிதென நான் கருதுவது, 'பிரவேஷ்' என்னும் தொடக்கப் பயிற்சி முடிந்தபின் அவள் எடுக்கும் உறுதிமொழி. கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்ற வேண்டிய கடமையைச் செய்யவும், பிறர்க்கு உதவவும் தன்னால் இயன்றவரை முயல்வதாகத் தன் மானத்தின்மீது அவள் கூறுகிறாள். தந்தைக்காகவோ குடும்பத்துக்காகவோ கூறவில்லை. தன் பொருட்டே கூறுகிறாள்.

இங்கேதான் அறவியல் வினா எழுகின்றது. தவறும் வாய்ப்பே இல்லாதவளிடம் நேர்மை இருப்பதாக எங்ஙனம் சொல்வது? பூட்டிய பேழையிலுள்ள பொன் களவுபோகவில்லை என்றால், அப்பெருமை பூட்டைச் சேரும். தானே முடிவு செய்து, தன் சொல்லைத் தானே காத்தவளுக்கே ஒழுக்கம் உரியது. வாழ்க்கைத் துணைநலம் கூறவந்த வள்ளுவர், அடைத்துவைக்கும் காவலால் ஆவது யாது என வினவி, மனவுறுதியே தலையாய காவல் என்றார். மனைவிக்கு அவர் சொன்னது மகளுக்கும் பொருந்தாதோ?

அச்சம் முற்றும் பொய் என்று நான் கூறவில்லை. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு, இடர் நேர்ந்தால் ஓடிவரத் தாய்மாமன் அடுத்த தெருவில் இல்லை. ஆகவே, முகாம் எங்கே, உடன் செல்லும் ஆசிரியைகள் யார், இரவில் காவல் எத்தகையது என்றெல்லாம் பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். விடை நிறைவளிக்காவிடில் மறுப்பதும் கடமையே. நான் செய்த பிழை மறுத்தது அன்று; ஒரு வினாவும் கேளாமல் மறுத்தது. ஊராரின் வாய்க்கு அஞ்சிவிட்டு, அதற்கு மகளின் நலம் என்று பெயரிட்டேன்.

வேற்று மொழிச் சிறுமியரோடு பழகினால் தமிழ் மறந்துவிடுமே என்பாரும் உளர். உலகச் சாரணியர் சங்கத்தார் 1966 இல் இதே புனேயில் திறந்த மையத்திற்கு இட்ட பெயர் 'சங்கம்'. வடமொழியில் அதற்குக் கூடுதல், கலத்தல் என்று பொருள். கூடி இருந்து தமிழ் வளர்த்த மரபில் வந்தோம் என்னும் நாம், பிறரோடு கூடுவதற்கு அஞ்சலாமா? தமிழைக் காக்க வேண்டிய இடம் நம் வீடு. அந்தப் பொறுப்பைச் சாரணியர் குழுவின்மேல் சுமத்துவது முறையன்று.

மறுநாள் காலை மகளிடம், "நீயே முடிவு செய் அம்மா, எதுவாயினும் எனக்குச் சம்மதம்" என்றேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்ப் பள்ளிக்குச் சென்று, ஆசிரியையைக் கண்டு, கேட்கவேண்டியவற்றைக் கேட்டு வந்து, தாளில் கையொப்பமிட்டாள்.

பேத்தி உறுதிமொழி எடுத்த நாளில் நாங்கள் இருவரும் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். அவள் குரல் சற்றே நடுங்கிற்று. ஆயினும் சொற்கள் தெளிவாக இருந்தன. என் மகள் என் பக்கம் திரும்பவில்லை. அதுவே எனக்கு நிறைவாயிற்று. நம் பெண்மக்களுக்கு நாம் சேர்த்துவைக்கும் செல்வங்களுள், அவர்கள் சொல்லை நாம் நம்பினோம் என்னும் நினைவே நெடுநாள் நிலைப்பது.