ஏழாவது பல்

மறையூரில் எனக்குக் கரும்புத் தோட்டம். சின்னாறு காட்டிலிருந்து வரும் யானையின் லத்தியைக் கிளறினால் வயசு குத்துமதிப்பாகத் தெரியும். கிழ யானை என்றால் சக்கை அரைபடாமல் நீளநீளமாகக் கிடக்கும். கடைவாய்ப்பல் ஆறு முறைதான் முளைக்கும். கடைசிப் பல் அறுபது வயதையொட்டித் தேய்ந்தால் பட்டினிதான். கொம்பனின் தந்தமோ சாகும்வரை வளரும். வேட்டைக்காரன் கண்ணை உறுத்தியது அதுதான். 1986-இல் சட்டம் இந்தியத் தந்த வியாபாரத்தைத் தடுத்தது.

"சாமி ஏன் ஏழாவது பல் குடுக்கல?" என்று கேட்டாள் மகள். முடிவு வைத்தது கொடுமையல்ல, கணக்கு. எல்லாரும் தின்றுகொண்டே இருந்தால் காடு தாங்காது. அந்தக் கணக்கை முடிக்கிற உரிமை துப்பாக்கிக்கு இல்லை. ஒற்றைக்கொம்பன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.