கிள்ளின பூவும் காய விட்ட பூவும்



இந்த மாதம் பூச்செடியைப் பற்றி எழுதுகிறேன். "பாஸ்டருக்கு வேற வேலை இல்லையா"ன்னு சிரிக்காதீங்க. காட்டுப் புஷ்பத்தைக் காட்டிப் பிரசங்கம் பண்ணினவர் நம்ம ஆண்டவர்தானே!

நம்ம வீடுகளில் கேந்தி இல்லாத வாசல் குறைவு. சிலர் செண்டுப்பூ என்பார்கள். வாடின பூவைக் காம்போடு கிள்ளிப் போட்டால் செடி மறுபடி மறுபடி பூக்கும். ஏன் தெரியுமா? செடி பூக்கிறது நம்ம கண்ணுக்காக அல்ல, விதைக்காக. கேந்தி ஒரு பருவத்துச் செடி. விதை முற்றினால் அதன் ஓட்டம் முடிகிறது, செடி காய ஆரம்பிக்கும். விதை பிடிக்குமுன் நாம் கிள்ளிவிட்டால், இன்னும் வேலை முடியலையே என்று அடுத்த மொட்டை விடுகிறது. ஆனால் ஒன்று விடாமல் கிள்ளிக்கொண்டே வந்தால், பருவம் முடியும்போது கையில் ஒரு விதைகூட இராது. வாசல் அழகாயிருந்தது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் சிலர் யோவான் 15-ம் அதிகாரத்தை எடுப்பீர்கள். கவனிங்க, அது வேறே. அங்கே கொடியைச் சுத்தம்பண்ணுவது கனி பெருகுவதற்காக. இங்கே வாடின பூவைக் கிள்ளுவது கனி வராமலிருப்பதற்காக. ரெண்டும் கத்தரிக்கோல் வேலைதான், நோக்கம் நேர் எதிர்.

தேவ ஜனமே, நம்ம சபையைப் பார்க்கிறேன். உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், மூணு நாள் எழுப்புதல் கூட்டம்! அல்லேலூயா, பூ நிறைய. வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், முன்னால் நின்று நடத்துகிறவனே நான்தான். ஆனால் முழு இரவு ஜெபத்தில் பாய் விரிக்க இடமில்லாத நம்ம சபையில், ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் கேட்டால் ரெண்டு சகோதரிகள்தான் கை தூக்குகிறார்கள். யோசுவா 110 வயதில் மரித்தான். அவன் காலத்து ஜனங்களும் போனபின் எழும்பின சந்ததி கர்த்தரையும் அறியவில்லை, அவர் செய்த கிரியைகளையும் அறியவில்லை என்று நியாயாதிபதிகள் 2-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். யோர்தானைக் கடந்தவர்களின் பிள்ளைகளுக்கே அந்த நிலைமை! அந்த அதிகாரம் என்னைத் தூங்கவிடுகிறதில்லை.

அப்ப கிள்ளவே கூடாதா? கிள்ளுங்க. ஆனால் இருக்கிறதில் நல்ல செடியாப் பார்த்து, அதில் நாலைந்து பூவுக்கு நூல் கட்டி விட்டுவிடுங்கள். அது செடியிலேயே வாடி, அடிப்பாகம் பழுப்பாகிக் காயட்டும். பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும், விருந்தாளி கேட்பார்கள், பரவாயில்லை. காய்ந்தபின் பிரித்தால் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வைக்கோல் நிறமுமாய் மெல்லிய விதைகள் வரும். நிழலில் உலர்த்திக் காகிதப் பொட்டலத்தில் வையுங்கள். ஈரம் போகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கடையில் வாங்குகிற பாக்கெட்டில் 'எஃப்-1 ஹைபிரிட்' என்று போட்டிருந்தால், அந்தச் செடியின் விதை தாயைப்போலவே வரும் என்று எதிர்பார்க்காதீங்க. இன்றைய செக் நாட்டிலுள்ள பர்னோ நகரத்தில் மெண்டல் என்ற துறவி மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வைத்து இதை ஆராய்ந்து 1866-ல் வெளியிட்டார். ஊதாப்பூச் செடியையும் வெள்ளைப்பூச் செடியையும் சேர்த்தார். பிள்ளைச் செடிகள் அத்தனையும் ஊதா. வெள்ளை அழிந்தே போச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவற்றின் விதையைச் சேர்த்து விதைத்தார். பேரப்பிள்ளைச் செடிகளில் 705 ஊதா, 224 வெள்ளை! அவர் கத்தோலிக்கத் துறவி, நமக்கும் அவர்களுக்கும் உபதேசத்தில் வித்தியாசம் உண்டு. பட்டாணிக்கு அது தெரியாது.

விசுவாசம் இரத்தத்தில் வருகிறதில்லை, ஒவ்வொருவரும் மறுபடியும் பிறக்கவேண்டும். ஆனாலும் லோவிசாள் பாட்டியை நினைக்கிறேன். அவளுக்குள் இருந்தது ஐனிக்கேயாளுக்குள் வந்தது, பேரன் தீமோத்தேயுவுக்குள் வந்தது. பிள்ளை சபைக்கு வரலியே என்று அழுகிற தாய்மாரே, மெண்டல் முதல் தலைமுறையோடு தோட்டத்தை மூடவில்லை.

"நான் வாடிப்போனேன் பாஸ்டர், என்னால என்ன ஆகும்" என்று சொல்கிற வயதான அம்மாமார் நம்மிடம் பலர் உண்டு. முன்வரிசைச் சாட்சிக்கு அவர்களை நாம் அழைக்கிறதில்லை. குரல் போச்சு, பாட முடியாது. ஆனால் பஞ்சத்தில் ஜெபித்ததும், வைத்தியர் கைவிட்ட பிள்ளையைக் கர்த்தர் எழுப்பினதும் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அவர்கள் போனால் அது எங்கே போகும்?

ஆகையால் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு எழுபது தாண்டின தாய்மாரும் தகப்பன்மாரும் சபைக்கு வரவேண்டும். வாலிபப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதுவார்கள். நடக்கமுடியாதவர்கள் வீட்டுக்குப் பிள்ளைகளே வருவார்கள். விதை இருக்கிறவர்கள் பொட்டலம் கொண்டு வாங்க, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். காசித்தும்பைக் காயை மட்டும் மெதுவாப் பறியுங்க, தொட்டதும் வெடித்து விதையெல்லாம் சிதறிவிடும்.