எழுந்த சிறுமிக்கு யார் உணவு கொடுப்பது?



ஆண்டின் பொதுக்காலம் 13-ஆம் ஞாயிறாகிய இன்று, யாயிரின் மகள் உயிர்பெற்று எழுந்ததை மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்திலிருந்து கேட்டோம். ஆண்டவர் கையைப் பிடிக்கிறார். 12 வயதுச் சிறுமி எழுந்து நடக்கிறாள். பார்த்தவர்கள் மலைத்துப்போகிறார்கள். நாமும் பெரும்பாலும் அந்த மலைப்போடு நின்றுவிடுகிறோம். மாற்கு அங்கே நிற்கவில்லை. அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி இயேசு சொன்னார் என்று எழுதித்தான் நிகழ்ச்சியை முடிக்கிறார்.

சாவிலிருந்து எழுப்பியவருக்கு ஒரு பிள்ளையின் பசியை ஆற்றத் தெரியாதா? அடுத்த அதிகாரத்திலேயே ஐயாயிரம் பேரைப் பசியாற்றப் போகிறவர் அவர். இருந்தும் அந்த ஒரு வேலையை வீட்டாரிடம் விட்டார். பெத்தானியாவிலும் அப்படியே செய்தார். நான்கு நாள் கல்லறையில் கிடந்த இலாசரை வெளியே வரவழைத்தவர் அவர். கட்டுகளை அவிழ்க்கும் வேலையைப் பக்கத்தில் நின்றவர்களிடம் ஒப்படைத்தார். உயிர் கொடுப்பது ஆண்டவரின் செயல். உயிர் பெற்றவரைத் தேற்றி வாழவைப்பது, அவர் நமக்கென்று விட்டுவைத்த பங்கு.

நம் பங்கிலும் மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பிழைத்து வந்தார்கள் என்று நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம்; அது நல்லது. ஆனால் பல வீடுகளில் கடினமான காலம் அன்றுதான் தொடங்குகிறது. பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கையும் காலும் வசப்படாமல் போகலாம். பேச்சு குழறலாம். விழுங்க முடியாதவருக்கு மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால், இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைக்காவிட்டால் கிருமி தொற்றும். மூட்டுகளை நாள்தோறும் அசைத்துவிடாவிட்டால் அவை இறுகிப்போகும். பிசியோதெரபிஸ்ட் வந்து கொஞ்ச நேரம் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார். மிச்ச நேரமெல்லாம் மனைவியின் கையில், மகளின் கையில், மருமகளின் கையில்தான் இருக்கிறது. இரவிலும் அவர்கள்தான் எழுந்திருக்கிறார்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல், தட்டுத்தடுமாறி அவர்களாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

பார்க்கப் போகிற நாம், "இன்னும் நடக்கலையா?" என்று கேட்டுவிடுகிறோம். விசாரிப்பாக நாம் கேட்பது அவர்கள் காதில் குற்றச்சாட்டாக விழுகிறது. விசுவாசம் போதவில்லையோ, செபம் கேட்கப்படவில்லையோ என்று நோயாளி உள்ளுக்குள் நொந்துபோகிறார். பெத்சாய்தாவில் பார்வையற்றவர் ஒருவரை ஆண்டவர் தொட்டபோது, முதலில் அவருக்கு மனிதர்கள் மரங்களைப் போலத்தான் தெரிந்தார்கள். ஆண்டவர் மறுபடியும் கைகளை வைத்த பிறகே தெளிவாகத் தெரிந்தது. அவருடைய கையிலேயே ஒரு சுகம் இரண்டு கட்டமாக வந்திருக்கிறது என்றால், மெதுவாகத் தேறுவதில் எந்த வெட்கமும் இல்லை. நேற்று அசையாத விரல் இன்று அசைந்தால், அதுவும் இறைவன் தந்த கொடைதான்.

சுகம் முழுதாக வராவிட்டாலும் வெட்கமின்றி வாழலாம் என்று நம் மண்ணில் வாழ்ந்து காட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்தவர். 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. டாக்டர் பால் பிராண்ட் தந்த ஊக்கத்தால், வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தானே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் அந்தத் துறையைக் கற்றுத் திரும்பி, சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தெடுத்தார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் பிறந்தது. அவர் கால்களுக்குச் சுகம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் போட்ட வழியில் எத்தனையோ பேர் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்கள், தாங்களே உண்டார்கள், வேலைக்குத் திரும்பினார்கள். முன்பிருந்த நிலைக்கு அப்படியே திரும்புவது மட்டுமே மறுவாழ்வு அல்ல. எஞ்சியிருக்கிற வலிமையைக் கொண்டு மதிப்போடு வாழ்வதும் மறுவாழ்வே.

செலவைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. இன்றைய நற்செய்தியில் வரும் இரத்தப்போக்குடைய பெண், மருத்துவர்களிடமே கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தவர். இன்றும் மருத்துவமனைக் கட்டணத்துக்கே நகை அடகுக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு நர்ஸ் வைக்கப் பணம் ஏது? இயேசு சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலே ஆவதைத் திரும்பி வந்து தருவதாக ஒப்புக்கொண்டார். அன்றைய உழைப்பாளிக்கு அது இரண்டு நாள் கூலி. தேறும்வரை ஆகும் செலவையும் கணக்கில் எடுத்தது அவருடைய இரக்கம்.

ஆகவே அன்பார்ந்தவர்களே, ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் இப்படிப்பட்ட வீடுகள் எவை என்று இந்த வாரம் விசாரித்து அறியட்டும். வாரத்தில் ஓர் அரை நாள் நோயாளியோடு இருங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் தூங்கட்டும், திருப்பலிக்கு வரட்டும். இளைஞர்களே, பிசியோதெரபிக்கு ஆட்டோவில் ஏற்றிவிடவும், மாடிப்படியில் வீல்சேரைத் தூக்கவும் உங்கள் தோள் வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையார், வாக்கர், வீல்சேர், காற்றுப் படுக்கை ஆகியவற்றை வாங்கி வைத்துத் தேவைப்படும் வீட்டுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிசியோதெரபியும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அது தெரியாத குடும்பங்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் பதிவுசெய்ய உதவுங்கள். நற்கருணை வேண்டுவோர் பெயரை என்னிடம் கொடுங்கள். நான் வீட்டுக்கு வருகிறேன்.

மருத்துவமனையிலிருந்து திரும்புகிற எவரும், அவரைத் தாங்குகிற எவரும், இந்தப் பங்கில் தனியாக விடப்படாதபடி இறைவன் நமக்கு மனமும் பலமும் தருவாராக. ஆமென்.